அய்யனாரின் இடது கால்

பால்சாமி பேண்டேஜ் சுற்றுகிற ஆள். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் சாகுல் ஹமீதின் கம்பெனி இருக்கிறது. தறியில் ஓடி, வெளுத்து, காய்ந்து வருகிற துணியை அங்கே மெஷினில் கொடுத்து, அளவாக வெட்டி, உருளையாகச் சுற்றி, பெட்டியில் அடுக்குவார்கள். அந்த மெஷின் பால்சாமியின் பொறுப்பு. எந்த ஊரில் எவன் பைக்கிலிருந்து விழுந்தாலும், அவன் முழங்காலில் சுற்றுகிற துணி தன் கையைத் தாண்டித்தான் போயிருக்கும் என்று அவருக்குள் ஒரு நினைப்பு உண்டு. வெளியே சொல்லமாட்டார். சொன்னால் கம்பெனியில் கிண்டல் தாங்காது.

மாதத்தில் ஒரு நாள், உத்திர நட்சத்திரத்தன்று, லீவு சொல்லிவிட்டுச் சாமிக்குப் பேண்டேஜ் கட்டப் போவார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உள்ளபடியே நடந்துவந்த காரியம். வன்னியம்பட்டிக்கு உள்ளே தள்ளி நொச்சிமடை என்று ஒரு சின்ன ஊர். அதுதான் பால்சாமிக்குச் சொந்த ஊர். கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில். நாலு கல்தூண், மேலே ஒரு கூரை, நடுவில் கல் பீடம், அவ்வளவுதான். கதவு கிடையாது. ஊரைக் காவல் காக்கிற சாமியைப் பூட்டிவைக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பீடத்தில் ஒரு சின்ன ஐம்பொன் தாமரை. தாமரையின் மேல் ஒரு இடது கால். ஐந்து விரலும் தண்டையுமாகக் கணுக்கால் வரைக்கும் அச்சாக இருக்கும். அதற்கு மேல் சாமி இல்லை. வெள்ளைத் துணிக்கட்டுதான் இருக்கும்.

பால்சாமிக்கு மீசை அரும்புகிற வயசில் சாமி களவு போனது. பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அப்பா சமுத்திரம்தான் அப்போது பூசாரி. பூசை செய்து வயிறு நிறைகிற கோயிலா அது? சமுத்திரமும் தறிக்காரர்தான். சாகுல் ஹமீதின் வாப்பாவிடம் தறி ஓட்டினார். ராத்திரி ஷிப்ட் முடித்து, விடிந்ததும் சைக்கிளில் வந்தவர் நேரே கோயிலுக்குப் போனார். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அய்யனாரைக் காணோம். எவனோ கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறான். உட்கார்ந்த பாகம் பெயர்ந்து வந்துவிட்டது. தொங்குகிற காலின் தாமரையை மட்டும் அந்தக் காலத்து ஆட்கள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் கல்லோடு கல்லாக இறுக்கி வைத்திருந்தார்கள். அது அசையவில்லை. களவாணிக்கு அவசரம். திருகி, கணுக்காலில் முறித்து, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சமுத்திரம் பஞ்சு ஒட்டிய சட்டையைக்கூட மாற்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சொல்லப் பஸ்ஸுக்கு நின்றார். ஊர் போய் அவரைப் பஸ் ஏறவிடாமல் திருப்பிக் கூட்டிவந்தது.

“எங்க கெளம்பிட்ட?” என்று கேட்டார் அப்போதைய நாட்டாமை ஆவுடையப்பன். “போலீசு வந்தா கோயிலச் சுத்திக் கயிறு கட்டிருவான். உத்திரம் நின்னு போகும். உத்திரம் நின்னா கம்மா பெருகுமா? நம்ம சங்கதி நம்மளோட கெடக்கட்டும்.”

ஆக, புகார் கிடையாது. காலுக்கே மாலை போட்டு உத்திரம் நடந்தது. நடந்து முடிந்த பிறகுதான் ஊருக்கு அடுத்த கேள்வி வந்தது. எடுத்தவன் யார்? கதவு இல்லாத கோயில். எவன் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால் கண்ணெல்லாம் போய் நின்றது பூசாரி மேல்.

சாகுல் ஹமீதின் வாப்பா ஊர்க்கூட்டத்துக்கே வந்து சொன்னார், அன்றைக்கு விடியும்வரை சமுத்திரம் தறியில் நின்றார் என்று. ஆவுடையப்பன் அவருக்கு மரியாதையாக நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“நீங்க சொல்லுதது நெசந்தான் பாய். ஆனா ஆள வச்சுச் செஞ்சிருக்கலாம்லா?”

இந்த மாதிரி வழக்குக்கு அந்த ஊரில் ஒரே தீர்ப்புதான். சந்தேகப்பட்ட ஆள் குளித்து, ஈரத்துணியோடு அய்யனாருக்கு முன்னால் வந்து நின்று, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். “நான் செய்யல” என்று சொல்லி அணைத்துவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. பொய்யாக அணைத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

சமுத்திரம் குளித்துவிட்டுச் சூடத்தோடு வந்து நின்றார். கொளுத்தப் போகிற நேரத்தில் ஆவுடையப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கால வச்சுச் சத்தியம் வாங்க முடியாதுப்பா. சாமியோட கண்ணும் காதும் போயிருச்சு. யாரு பாப்பா, யாரு கேப்பா? சாமி வரட்டும். வந்த பொறவு அணைக்கட்டும்.”

கொளுத்தாத சூடத்தை மடியில் முடிந்துகொண்டு சமுத்திரம் ஈரத்துணியோடு வீட்டுக்குப் போனார்.

அன்று தொங்கியதுதான் அந்தச் சத்தியம். அவரைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. காலுக்குப் பூசை செய்ய வேறு எவனும் வரமாட்டான் என்பதால் பூசாரி வேலை அவரிடமே இருந்தது. ஆனால் உத்திரத்தன்று முதல் திருநீறு பூசாரி வீட்டுக்கு என்று இருந்த வழக்கம் நின்றுபோனது. தட்டை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, ஒட்டியிருக்கிறதைக் கடைசியில் தன் நெற்றியில் தடவிக்கொள்வார். பால்சாமிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், “அந்தச் சத்தியம் என்னாச்சு?” என்று கேட்டார்கள். வ. புதுப்பட்டிக்காரி மாடத்திதான், “எனக்குச் சத்தியம் வேண்டாம், மனுசன் பொழுது சாய வீடு வந்தாப் போதும்” என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

களவு போன வருஷமே, கம்பெனியிலிருந்து ஒரு உருளை பேண்டேஜ் கொண்டுவந்து சாமியின் முறிந்த கணுக்காலில் சமுத்திரம் சுற்றிக் கட்டினார். விரல்களையும் தண்டையையும் புளி போட்டுப் பளபளவென்று துலக்குவார். முறிந்த இடத்தில் மட்டும் கை வைக்கமாட்டார். தண்ணீர்கூடப் படவிடமாட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “புண்ணு மேல புளியப் போடுவாகளா?” என்பார். ஊர் சிரித்தது. அவர் மாதாமாதம் கட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில் மகனிடம் அவர் சொன்னதும் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. “கட்டு மாத்திரு. சாமி வந்தா நீ அணைச்சிரு.”

சாமி எங்கே வரப்போகிறது என்றுதான் பால்சாமியும் நினைத்தார். உருக்கி விற்றிருப்பான் என்பது அவர் எண்ணம். அப்படியானால் அப்பாவின் பேர் கடைசிவரைக்கும் அந்தரத்தில்தான்.

ஒரு நாள் மத்தியானம் சாகுல் ஹமீது ஆபீஸ் கதவைத் திறந்து சத்தம் போட்டார்.

“ஏலே பால்சாமி, மெஷின நிப்பாட்டிட்டு இங்க வா.”

“ஓடுத துணி பாய், செத்த நேரம் பொறுங்க.”

“துணி கெடக்கட்டும். வாலேங்கேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் வந்த படத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினார் பாய். வைக்கோல் மேல் மல்லாக்கக் கிடக்கிறார் ஒரு சாமி. ஒரு கால் மடிந்திருக்கிறது. தொங்குகிற காலுக்குப் பாதம் இல்லை.

“காலு இல்லன்னதும் எனக்கு ஒன் நெனப்புத்தான் வந்துச்சு. ஒன் ஆளா பாரு” என்றார்.

பால்சாமி செல்போனைக் கையில் வாங்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“எங்க இருக்காரு?”

“அமெரிக்காவுலடே. நீ தென்காசி தாண்டினதில்ல. ஒன் சாமி விசா இல்லாமலே போயிருக்காரு.”

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் வியாபாரியை அந்த நாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். அவன் கம்ப்யூட்டரில் மூட்டை மூட்டையாகப் படங்கள். இங்கே களவாண்டவர்கள் விலை பேசுவதற்காக எடுத்து அனுப்பியவை. அவற்றை இங்குள்ள சிலைக் கடத்தல் தடுப்புப் போலீசுக்கு அவர்கள் அனுப்ப, எந்தக் கோயில் சாமி என்று கண்டுபிடிக்க இங்கே ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே போலீஸ் நம்பர் இருந்தது. பாய் அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் ஜெயபாய் நொச்சிமடைக்கு வந்தார். நாகர்கோவில் பக்கத்து அம்மா. சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தார். கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து காலைக் குனிந்து பார்த்தார். பிறகு ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தார். இப்போது நாட்டாமை, ஆவுடையப்பனின் மகன் காசிராஜன்.

“சாமி ஒரு மியூசியத்துல இருக்கு. வியாபாரிகிட்ட வெல குடுத்து வாங்கியிருக்காங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “திருட்டுப்பொருள்னு தெரிஞ்சா திருப்பிக் குடுக்கணும்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. அமெரிக்காக்காரங்க ஒத்துழைக்காங்க. ஆனா திருடு போச்சுன்னு நாம அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா? ஒங்க ஊர்ல புகாரே இல்லையே?”

கூட்டம் தரையைப் பார்த்தது.

“அது வந்து மேடம்,” என்று காசிராஜன் இழுத்தார். “எங்க அய்யா காலத்துல… உத்திரம் நெருங்கிருச்சு…”

“அங்க மியூசியத்துக்கு ஒரு வக்கீல் இருக்காரு. மொத கேள்வியே அதுதான் கேப்பாரு. சாமி காணாமப் போயி இம்புட்டு வருசம் ஊரு சும்மா இருந்துச்சுன்னா, ஊரே வித்துட்டுதோன்னு கேப்பாரு.”

ஊரே என்ற வார்த்தை விழுந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “யாரு, நாங்க வித்தமா? நாக்கு அழுகிரும்” என்று ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். பால்சாமி அந்தக் கிழவரைப் பார்த்தார். அன்றைக்கு அப்பா சூடத்தோடு நின்றபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆள்.

“கோவம் வருதுல்ல?” என்றார் பால்சாமி. கூட்டத்தில் அவர் பேசியது அன்றுதான் முதல் தடவை. “எங்க அய்யாவுக்கும் வந்திருக்கும். அவிய வெளிய காட்டல.”

இப்போதாவது புகார் கொடுக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். காசிராஜன் யோசித்தார். புகார் என்றால் அவர் அப்பா ஏன் தடுத்தார் என்பதும் வரும். “எல்லாரையும் கலந்துக்கிட்டு…” என்றார். பால்சாமி காத்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் ஜீப்பிலேயே ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அப்பா ஏறாமல் போன பயணம் அது. எத்தனையோ தடவை போன ரோடுதான். அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

ஆனாலும் வக்கீல் விடவில்லை. கால் இல்லாத சாமி இந்தக் காலுக்குத்தான் சொந்தம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதிக் கேட்டார். காலையே பெயர்த்து அனுப்பினால் என்ன என்று மேலே யாரோ கேட்க, ஊர் கொந்தளித்தது. “இருந்ததையும் பிளேன் ஏத்தவா?” என்றார் காசிராஜன். அந்த ஒரு விஷயத்தில் பால்சாமியும் அவரும் ஒரே கட்சி. கடைசியில் பல் டாக்டர்கள் அச்சு எடுக்கிற மாவு மாதிரி ஒன்றோடு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பால்சாமி கட்டை அவிழ்த்தார். முறிந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் அத்தனை பேர் பார்த்தது அன்றுதான். அதை அச்சில் எடுத்து, அந்த அச்சில் ஒரு மாவுக்கால் வார்த்து, அமெரிக்கா அனுப்பினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சாகுல் ஹமீதின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோ. கம்பெனியே ஆபீஸுக்குள் நெரிந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயபாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காசிராஜனும் வந்து சுவரோரமாக நின்றார். அந்தப் பக்கம் விடிகாலை. மியூசியத்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, கையுறை போட்டுக்கொண்டு, மேஜைமேல் அய்யனாரை வைத்திருந்தாள். அய்யனாருக்குக் கால் இருந்தது.

“இது நம்ம சாமி இல்ல போலயே, கால் இருக்கே” என்றார் காசிராஜன்.

“அது அவங்க ஒட்டுன காலு. பாக்க அழகா இருக்கணும்னு” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பொய்க்காலா?” என்றார் பாய். “சாமிக்கே மாத்துத்திறனாளி சர்ட்டிபிகேட் வாங்கணும்போல.”

பால்சாமி சிரிக்கவில்லை. அந்த அம்மா ஏதோ மருந்தைத் தடவித் தடவி ஒட்டுக்காலைக் கழற்றினாள். பிறகு இங்கிருந்து போன மாவுக்காலை எடுத்து முறிவில் வைத்தாள். விரலால் லேசாகத் திருப்பினாள். அது போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. அவள் கையை எடுத்தாள், மாவுக்கால் விழவில்லை.

பிறகு ஏதோ கேட்டாள். இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார். “வழிபாட்டுல இருக்குற சாமின்னா தேச்சுத் தேச்சு முறிவு மழுங்கியிருக்கும்னு நெனச்சாங்களாம். இது நேத்து ஒடஞ்ச மாதிரி இருக்கே, எப்படின்னு கேக்காங்க.”

“எங்க அய்யா அதத் தொடமாட்டாக. கட்டுப் போட்டு வச்சிருந்தாக.”

“ஏன்னு கேக்காங்க.”

பால்சாமிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “முறிஞ்சிருக்குல்லா?” என்றார்.

இன்ஸ்பெக்டர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் அய்யனாரின் முழங்காலை ஒரு தடவை தொட்டாள்.

வக்கீல் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அங்கே நம் நாட்டு அதிகாரிகளிடம் சாமியை ஒப்படைத்ததைப் பாயின் செல்போனில் பார்த்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்கினார்கள். இதற்கிடையில் அந்த வியாபாரியின் கூட்டாளி ஒருவன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஆள் மாதிரி ஊருக்குள் வந்து நோட்டம் பார்த்துப் போன வெளியூர்க்காரன்தான் எடுத்தவன். அவனும் செத்துப்போய் நாளாயிற்று. உள்ளூரில் யாருக்கும் பங்கில்லை. இன்ஸ்பெக்டர் இதை ஊர்க்கூட்டத்திலேயே சத்தமாகச் சொன்னார்.

அப்பாவின் கெட்ட பேர் விலகியது போலத்தான். ஆனால் சாமி ஊருக்கு வரவில்லை. கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து அரசாங்கத்துச் சிலைக் காப்பகத்துக்குப் போனார். கதவும் பூட்டும் கேமராவும் இல்லாத கோயிலுக்குத் திருப்பித் தரமுடியாது என்றார்கள். நியாயம்தான். கதவு வைப்பதா என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பாயின் காரில் பால்சாமி காப்பகத்துக்குப் போனார். மடியில் சூடமும், பையில் புதுப் பேண்டேஜும். இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வரிசையாக எத்தனையோ ஊர்ச் சாமிகள். கழுத்தில் நம்பர் அட்டையோடு அய்யனார். சூடத்தை எடுத்ததும் காவலர் ஓடிவந்தார்.

“ஐயா, தீ கூடாது. பொகை பட்டா மேல இருக்குற அலாரம் ஊரையே கூட்டிரும்.”

“ஒரு சத்தியம் பாக்கி கெடக்கு” என்றார் பால்சாமி.

காவலருக்கு என்ன புரியும்? பாய் குறுக்கே வந்து, “அவருக்கு ஒண்ணுமில்ல, பாத்துட்டு வந்துருவாரு” என்று சமாளித்தார். சாமிக்குக் கண்ணும் இருந்தது, காதும் இருந்தது. தீதான் இல்லை. பால்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். திரும்பி வரும் வழியில், கயத்தாறு தாண்டியதும் சொன்னார்.

“கால் இல்லாம ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்காரு பாய்.”

“ம்.”

“நாம கட்டுனது வெறுங் காலுக்குத்தான். வலி அங்கல்லா இருந்திருக்கு.”

இன்ஸ்பெக்டர் ஜெயபாய் நாலு இடம் அலைந்து ஒரு வழி செய்தார். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் சாமி ஊருக்கு வரலாம். போலீஸ் காவலோடு வந்து, அன்றைக்கே பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும்.

உத்திரத்துக்கு முதல் நாள் காசிராஜன் பால்சாமியின் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

“ஏலே பால்சாமி, நாளைக்குச் சத்தியம் அது இதுன்னு வேண்டாம்ப்பா. அதான் வாக்குமூலப் பேப்பர் வந்திருச்சில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

“அய்யா சொல்லிட்டுப் போயிருக்காக, அண்ணாச்சி.”

“போலீசுக்காரங்க, டிவிக்காரங்க எல்லாம் வருவாங்க. ஊரு மானம்னு ஒண்ணு இருக்கு.”

உள்ளேயிருந்து மாடத்தியின் குரல் வந்தது. “அன்னைக்கு வேணும்னு கேட்டது ஒங்க அய்யா. இன்னைக்கு வேண்டாங்கது நீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஈரத்துணியோட நின்னது எங்க மாமால்லா?”

“ஏட்டி, சும்மா இரு” என்றார் பால்சாமி. ஆனால் வேகமாகச் சொல்லவில்லை.

காசிராஜன் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, ஒன் இஷ்டம்” என்று போய்விட்டார்.

மறுநாள் வேன் வந்தபோது கண்மாய்க்கரை கொள்ளாத கூட்டம். பிழைக்கப் போன ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அய்யனாரைத் தூக்கிப் பீடத்தில் வைத்தார்கள். பால்சாமி குனிந்து, காலையும் கணுவையும் பொருத்தினார். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. அது எப்போதும் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. புதுப் பேண்டேஜை எடுத்து இரண்டையும் சேர்த்துச் சுற்றினார். கை பழகிய வேலை. அழுத்தாமல், தளராமல் சுற்றி, முனையைச் செருகினார்.

கட்டில் தண்ணீர் படாமல் அபிஷேகம் முடிந்தது. அவர் போய்க் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தார். தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாத இளசுகளுக்கு அவர்கள் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் முன்வரிசையில் கைகட்டி நின்றார்.

பால்சாமி இடது கையில் தட்டைப் பிடித்தார். வலது கை மேலே எழுந்தது. அய்யனாரின் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாட்டுக்காரர்கள் பார்த்த முகம். யாரும் இந்தச் சாமியிடம் எதுவும் கேட்டதில்லை. சாமியும் யாரிடமும் சத்தியம் கேட்டதில்லை. சாமிக்கு எல்லாம் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. இப்போது கையை வைத்து அணைத்தால், அன்றைக்கு ஊர் அப்பாவைக் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று ஆகிவிடும். எழுந்த கை அப்படியே நின்றது. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

கையை இறக்கித் தட்டின் அடியில் கொடுத்தார். இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி, அய்யனாருக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு திரும்பி, எரிகிற தட்டை அப்படியே காசிராஜனுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

காசிராஜனுக்குக் கை வரவில்லை. “அணைக்கலையாப்பா?” என்றார், ரொம்ப மெதுவாக.

“சாமிக்குக் காட்டுன சூடம் அண்ணாச்சி. தொட்டுக் கும்பிடுங்க.”

தீயின் மேல் இரண்டு கையையும் காட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட காசிராஜனுக்கு, கையை முகத்திலிருந்து எடுக்க நேரமானது. எடுத்ததும் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “மொதத் திருநீறு பூசாரி வீட்டுக்கு. மாடத்தி, வாம்மா இங்க.”

தட்டு வரிசையாகப் போனது. அன்றைக்கு நாக்கு அழுகிரும் என்று எழுந்த கிழவரும் தொட்டுக் கும்பிட்டார். கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் போய், சூடம் தானாக எரிந்து அடங்கியது. தட்டில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது.

பொழுது சாய்வதற்குள் வேனை எடுக்க வேண்டும் என்றார்கள். கட்டை அவிழ்க்கப் பால்சாமி குனிந்தார். அவிழ்க்கவில்லை. கத்தரி கேட்டு வாங்கி, மயிரிழை இடைவெளியின் மேலேயே துணியைச் சுற்றி வெட்டினார். பாதிக்கட்டு காலோடு நின்றது. பாதி சாமியோடு.

“வந்த மாதிரியே திருப்பிக் கொண்டுபோகணும்னு ரூல்ஸ்” என்றார் கூட வந்த போலீஸ்காரர்.

இன்ஸ்பெக்டர் ஜெயபாய் கட்டைப் பார்த்தார். “வலி இருக்குல்ல, இருந்துட்டுப் போகட்டும்” என்று வேன் கதவைச் சாத்தினார்.

வேன் கரையேறி மறைகிறவரைக்கும் பால்சாமி ஈரம் காயாத வேட்டியோடு நின்றார். சாகுல் ஹமீது பக்கத்தில் வந்து நின்றார்.

“அடுத்த உத்திரத்துக்கு ரெண்டு உருளை எடுத்து வச்சிருதேன்” என்றார். “இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு.”

“மாசாமாசம் அங்க யாரு பாய் மாத்துவா?”

“ஏன், நம்ம கார் இருக்குல்லா? அலாரம் தீக்குத்தான் அடிக்கும். துணிக்கு அடிக்காது.”

பால்சாமி திரும்பிப் பீடத்தில் இருந்த காலைப் பார்த்தார். வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. உட்கார்ந்து அதை உள்ளே செருகிவிட்டு எழுந்தார்.